அருவி வெட்டுப்படட்டும்

கண்ணு,

காலையில் ஏழரை மணிக்கு நீ அனுப்பிய படத்தை இதுவரை பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். "எப்படிம்மா இருக்குது?" என்று கீழே கேட்டிருந்தாய். "நல்லா இருக்குது" என்று அடித்தேன், அழித்தேன். "சூப்பர்" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போடப் போய், அதுவும் வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. தியாகதுருகத்தில் ஏறிய பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். இப்போது கடையில் இருக்கிறேன். முதலாளி மணலூர்பேட்டையில் ஒரு கல்யாண பேனரைக் கட்டுவதற்காக ஆட்களோடு வண்டியில் போயிருக்கிறார். வருவதற்குச் சாயங்காலம் ஆகும். தினமும் "வருக வருக" என்றும் "கண்ணீர் அஞ்சலி" என்றும் அடிக்கிற இதே கம்ப்யூட்டரில்தான் உனக்கு இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டிவிடுவேன். இரண்டில் எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் கடிதம், முடித்ததும் உன் போனுக்கே அனுப்பிவிடுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன், அதுதான் எனக்குச் சுலபம். வெயில் ஏறுவதற்கு முன்பே அருவிக்குப் போயிருக்கிறாய். அதனால்தான் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தெரியாமல் இழை இழையாகத் தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு நீ அனுப்பிய படங்களில் மலை முடிகிற கோடு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், படத்திலிருக்கிற எல்லாம் உருண்டு வந்துவிடும் போல எனக்குத் தலை சுற்றும். இப்போது நிமிர்ந்துவிட்டது. முன்னால் கிடக்கிற ஈரக் கற்களையும் விடாமல் சேர்த்திருக்கிறாய். அவற்றில் ஒவ்வொன்றாகக் கண் தாவிப் போய் அருவியில் நிற்கிறது. ஓரங்களில் பிளாஸ்டிக் கவர் இல்லை, பாட்டில் இல்லை. எடுப்பதற்கு முன்பு நாலு மூலையையும் ஒரு தடவை சுற்றிப் பார் என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய். நீ நான் சொன்னதைக் கேட்பதே அபூர்வம், அதனால் இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். வலது பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. தட்டையாக, தண்ணீரைப் பார்த்துச் சரிந்த பாறை. அது உன் அப்பா உட்கார்ந்த பாறை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரியாமல் இருக்காது.

பாறையில் யாரும் இல்லை. அதில் மட்டுமா? அந்தக் கேமராவை வாங்கின ஆறு மாதமாக நீ அனுப்பிய படம் எதிலுமே ஒரு மனிதர் கிடையாது. பனி, கடுக்காய் மரம், கொண்டை ஊசி வளைவு, நீ வேலை பார்க்கிற விடுதியின் ஜன்னல், மறுபடியும் பனி. கரியாலூர் மலையில் ஆளே இல்லாமலா போய்விட்டது? போன மாதம் மரவள்ளிக் காடு ஒன்றை அனுப்பினாயே, ரொம்ப அழகாக இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், அடியில், சிவப்பாக ஒரு துணுக்கு. இன்னும் பெரிதாக்கினேன். புடவை முந்தானை. அந்த அம்மாள் கிழங்கு பிடுங்கிவிட்டு அந்தப் பக்கம் போகிற வரைக்கும் நீ கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய். முந்தானை மட்டும் மாட்டிக்கொண்டது. நாள் முழுக்கப் படங்களில் தலையையும் காலையும் வெட்டிக்கொண்டிருக்கிறவள் நான், என்னிடம் இதெல்லாம் தப்பாது. அன்றைக்கு உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இப்போது சொல்ல வந்திருக்கிறேன், ஆனாலும் பார், சுற்றிச் சுற்றி வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் நீ போன் பண்ணினாய். உங்கள் விடுதியில் வந்து தங்கியவர்கள் பெங்களூரில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களாம், உன் படங்களைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மூச்சில் நீ சொன்னாய்: "வரலன்னு சொல்லிடப் போறேம்மா. மனுஷங்கள எடுக்க எனக்கு வராது. மல அசையாம நிக்குது, எடுத்துக்கினு போயிடலாம்." நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "உன் இஷ்டம்டா" என்றேன். போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. கரியாலூர் என்றால் கச்சிராயபாளையம் வழியாக ஒரே பேருந்து, நினைத்தால் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். பெங்களூர் அப்படி இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், கடை வாசலில் நிற்கிறேன், பேருந்து நிலையத்துக்குள் போகிற வண்டிகளை எண்ணுகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன்.

இதோ, இப்போதும் எழ வேண்டியதாகிவிட்டது. ஒரு ஆள் வந்தார், மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறாராம். மகனுக்குக் கல்யாணம், பேனர் வேண்டும். போனில் படம் காட்டினார். தியாகதுருகம் மலைக்குக் கீழே பையனை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். கோட்டை மலை அப்படியே பையனின் தலையிலிருந்து முளைத்திருக்கிறது. சரி, பின்னால் இருப்பதை நான் எடுத்துவிடுவேன். ஆனால் பையன் இரண்டு விரல் உயரம்தான் இருக்கிறான். "அண்ணே, மூஞ்சி சின்னதா இருக்குதுங்க. நெஞ்சு வரைக்கும் வச்சிக்கினு மிச்சத்த வெட்டிடட்டுங்களா?" என்றேன். பதறிப்போய்விட்டார். "ஐயையோ, கால வெட்டிடாதம்மா! புது ஷூ போட்டுக்கினு கீறான் பாரு. அதுக்குத்தான் அவ்ளோ தூரம் தள்ளிப் போயி எடுத்தோம்." ஷூ வேண்டும், மலை வேண்டும், பக்கத்தில் நிறுத்தியிருக்கிற வண்டியும் நம்பர் பலகையோடு வேண்டும். எல்லாம் வர வேண்டும். மூஞ்சியைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, அதுதான் எப்போதும் கூடவே இருக்கிறதே. நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில், நம் பக்கத்து ஜனங்கள் படம் எடுப்பதில் செய்கிற தப்பு இந்த ஒன்றுதான் என்று சொல்வேன். எல்லாம் வர வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் போவது. புது வீடு கட்டினால் மாடி வரைக்கும் வர வேண்டும், வாசலில் நிற்கிற பெண்டாட்டி பிள்ளைகள் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் இருப்பார்கள். கோயிலுக்குப் போனால் கோபுரத்தில் கலசம் வர வேண்டும். சடங்கு வைத்தால் சீர்த்தட்டு ஒன்றுகூட விடாமல் வர வேண்டும், அந்தப் பெண் எங்கே என்று நான் தேட வேண்டும். முதலாளி எனக்கு வேலை கற்றுக்கொடுத்தபோது, குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். கோடுகள் வெட்டிக்கொள்கிற நாலு இடத்தில் ஒன்றில் ஆளை வை, நட்டநடுவில் வைத்தால் ஓட்டர் அட்டை மாதிரி இருக்கும் என்றார். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடு, முதுகுப் பக்கம் விட்டால் சுவரைப் பார்த்து உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும் என்றார். கையை வெட்டினால் முழங்கைக்கு மேலே வெட்டு, மூட்டில் வெட்டாதே, பார்க்கிறவனுக்கு வலிக்கும் என்றார். இதெல்லாம் உனக்கு நானே போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது, எதை எடுக்க வந்தாயோ அதன் கிட்டப் போ என்பது. அதை மட்டும் நான் உனக்குச் சொன்னதே இல்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயது அப்போது. ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டுவதிலிருந்து அதிசயமாக ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. "பொறந்ததிலேர்ந்து இந்த மலையப் பாத்துக்கினு கீறோம், ஒரு நாளாவது அதும்மேல ஏறிப் பாப்போம் வாங்கடா" என்று அவர்தான் கிளப்பினார். புளிச்சோறு கட்டிக்கொண்டு மூன்று பேரும் அருவிக்குப் போனோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நேராகத் தண்ணீருக்குள் போய் நின்றார். வெளியே வந்து அந்தப் பாறையில் உட்கார்ந்து, துண்டைப் பிழிந்தார். நீ என்னிடமிருந்து போனை வாங்கினாய். பொத்தான் போன், எங்கள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது, நம் வீட்டில் படம் எடுக்கிற ஒரே சாமான். நீ அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். எவ்வளவு கிட்ட என்றால், அவர் துண்டை உதறியதில் உன்மேல் தண்ணீர் தெறித்தது. ஒரு படம் எடுத்தாய். கொண்டுவந்து காட்டினாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருக்கிறேன். "இன்னாடா இது, அருவி பாதிதான் வந்திருக்குது! இம்மாந்தூரம் வந்ததே அதுக்குத்தானே. தள்ளிப் போடா, முழுசா வரணும்" என்றேன். நீ பத்தடி பின்னால் போனாய். "இன்னும் கொஞ்சம்" என்றேன். "இன்னும், இன்னும், மேல உச்சி தெரியுதா பாரு." பாசிக் கல்லில் வழுக்கி வழுக்கி நீ பின்னாலேயே போனாய். "தெரியுதும்மா" என்று கத்தினாய். எடுத்தாய். அருவி உச்சியிலிருந்து அடி வரைக்கும் முழுசாக வந்தது. உன் அப்பா பாறைமேல் இருந்தார், அரிசி அளவுக்கு.

அடுத்து வந்த மாசியிலேயே ஒரு மத்தியானம், கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதை உனக்கு நான் சொல்ல வேண்டாம். மறுநாள் பேனர் போட வேண்டும் என்று உன் பெரியப்பா நம் இரண்டு பேரையும் இந்தக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கல்யாண ஆல்பம் கூரை ஒழுகியதில் ஒன்றோடொன்று ஒட்டி எப்போதோ போய்விட்டிருந்தது. போனில் இருந்த அருவிப் படம்தான் கதி. முதலாளி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க உன் அப்பா முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூக்கு ஒரு கட்டம், இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு கட்டம். "யாருங்க எடுத்தது இத? ஆளு இருக்கறதே தெரியலியே" என்றார் முதலாளி. அவர் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. ஆனால் உன் பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உடனே, ஒரு நொடிகூட யோசிக்காமல், "எங்க பையன்தாங்க. அவனுக்கு இன்னா தெரியும், பொடியன்" என்றேன்.

நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய். "நீதானம்மா தள்ளிப் போகச் சொன்ன" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கருமாதி முடிகிற வரைக்கும் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் உன்னிடம் கேட்டார்கள், "ஒரு போட்டோவ ஒழுங்கா எடுத்திருக்கக் கூடாதாடா?" நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. வெளியே வந்து ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும்.

பேனருக்கு ஓட்டர் அட்டையிலிருந்த முகத்தை எடுத்தார்கள். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிப்பாரே, அந்த முகம். அதற்குக் கலர் கொடுத்து, கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டினார்கள். நீலக் கோட்டு, சிவப்பு டை. "தம்பி ஆபீசர் கணக்கா கீறான்யா" என்று உன் பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதார். தெருமுனையில் பதினாறு நாள் அந்தக் கோட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். ஊரார் துக்கம் என்று நினைத்தார்கள். எனக்கு அவரைப் பார்த்தால் யாரோ அந்நிய ஆம்பிளை மாதிரி இருந்தது, அதனால்தான். இன்றைக்கு நான் எத்தனையோ பேருக்கு அதே நீலக் கோட்டைப் போட்டுவிட்டிருக்கிறேன். அது இன்னும் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்ப்பேன், கேட்க மாட்டார்கள்.

கருமாதி முடிந்த பிறகும் நான் இந்தக் கடைக்கு வந்துகொண்டே இருந்தேனே, ஏன் என்று நீ கேட்டதில்லை. அந்த அருவிப் படத்திலிருந்து முகத்தை எப்படியாவது எடுக்க முடியுமா என்று கேட்கத்தான். வாரத்துக்கு ஒரு தடவை வருவேன். முடியாதும்மா, இல்லாததை எங்கிருந்து எடுப்பது என்று முதலாளி பொறுமையாகச் சொல்வார். நாலைந்து மாதம் கழித்து, "சும்மா சும்மா வந்துக்கினு கீறீங்களே, நீங்களே உக்காந்து பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அப்படி உட்கார்ந்தவள்தான். உன் அம்மா வேலை தேடிக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட கெட்டிக்காரி என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வாயாமே. இல்லை. ஒரு முகத்தைத் தேடி வந்தவள், அதற்குள் விரல் பழகிவிட்டது.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முடியாத இடம். மறுபடி எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். வெயில் கொளுத்துகிறது. டீ சொல்லி, அது ஆறியும் போய்விட்டது.

நீ முதலில் எடுத்தாயே ஒரு படம், கிட்ட உட்கார்ந்து? அது என்ன ஆயிற்று என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்தில் நீ உன் அப்பா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாய். மலை இறங்கி கோமுகி அணை வந்தது. தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதையும் எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். இடம் இல்லை, எதையாவது அழி என்று அது சொன்னது. உள்ளே போய்ப் பார்த்தேன். உன் படம் வந்தது. உன் அப்பா துண்டைப் பிழிந்துகொண்டு, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் இல்லாத இடம்கூடத் தெரிந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. தோளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது. அருவி அவருக்குப் பின்னால் பாதிதான் இருந்தது, உச்சி வெட்டுப்பட்டிருந்தது. அதுதான் முழு அருவியும் இன்னொன்றில் இருக்கிறதே என்று நினைத்தேன். "இன்னா பாத்துக்கினு கீற?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, வாயப் பொளந்துக்கினு கீற நீ" என்று சொல்லிக்கொண்டே அழித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அழித்தேன், கண்ணு. பிறகு ஜன்னல் வழியாக அணையை எடுத்தேன். அந்தப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கம்பிக்கு நடுவில் ஒரு சுவரும் கொஞ்சம் தண்ணீரும்.

ஆகவே தெரிந்துகொள். நீ படத்தைக் கெடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கிட்டப் போனாய், அவர் கண் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாய், அவர் சிரிக்கிற வரைக்கும் காத்திருந்து எடுத்தாய். இதே கடையில் பதினாலு வருஷமாக வருகிற படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒன்று கைவிரல் எண்ணிக்கைக்குத்தான் வந்திருக்கிறது. உன்னைப் பின்னால் போகச் சொன்னது நான். அழித்தது நான். கடையில் உன் பெயரைச் சொன்னதும் நான். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். உன் பெரியப்பா பார்த்த பார்வைக்குப் பயந்து சொன்னேன். அவ்வளவுதான், அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிறகு நாள் போகப் போகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீ பெரியவனாகி, கேமரா வாங்கி, மலையாகவே எடுத்து அனுப்ப ஆரம்பித்தபோது பயமாக ஆகிவிட்டது. மனுஷங்கள எடுக்க வராது என்று நீ சொன்னது முந்தாநாள்தான். ஆனால் ஆறு மாதமாக உன் ஒவ்வொரு படத்திலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்றைக்குக் காலைப் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பாறையைச் சரியாகக் கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் வைத்திருக்கிறாய். அதற்கு இடது பக்கத்தில், தண்ணீரைப் பார்த்து, தாராளமாக இடம் விட்டிருக்கிறாய். வெறும் பாறைக்கு எதற்கு அவ்வளவு இடம்? பாறை எந்தப் பக்கமும் பார்ப்பதில்லையே. அதில் ஒருத்தர் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு விட வேண்டுமோ, அவ்வளவு விட்டிருக்கிறாய். நீ தெரிந்துதான் விட்டாயோ, கை தானாக விட்டதோ. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில்தான் சாம்பார் அடிப்பிடித்தது.

பெங்களூருக்குப் போ என்று சொல்ல எனக்கு வாயில்லை. போகாதே என்று சொல்லவும் கூடாது. அது உன் வேலை, நீ யோசித்துக்கொள். ஆனால் வராது என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதே. வரும். நான் பார்த்திருக்கிறேன். உன்னை விட்டால் அந்தப் படத்தைப் பார்த்த ஆள் இப்போது உலகத்தில் நான் ஒருத்திதான், நானும் அதை மறைத்துவிட்டேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டு. இரண்டு நாள் பேசாமல் இரு. ஆனால் திங்கட்கிழமைக்குள் அதை முடித்துக்கொள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பேருந்தில் வருகிறேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன், நீ வேண்டாம் என்றாலும். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, கேமராவை எடுத்துக்கொண்டு என்னோடு அருவி வரைக்கும் வா. இந்தக் கடையில் ஊர் முழுக்க முகம் வெட்டி ஒட்டுகிறேன், எனக்கென்று ஒரு நல்ல படம் கிடையாது. எப்போதும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான்தானே. எனக்கும் வயதாகிறது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் யாருடைய பட்டுப் புடவையையாவது கொண்டுவந்து என் கழுத்துக்குக் கீழே ஒட்டுவார்கள், அதைச் செய்யப் போகிற கையும் எனக்குத் தெரிந்த கைதான்.

அந்தப் பாறையில் உட்காருகிறேன். இந்தப் பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறேன். முடி கலைந்திருந்தால் கலைந்திருக்கட்டும், வாய் பிளந்திருந்தால் பிளந்திருக்கட்டும். நீ அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள், தண்ணீர் தெறிக்கிற தூரத்தில். அருவி வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அம்மா